அமைச்சருக்கு அட்டை போடுகிறவர்

கையெழுத்தை அவர் லேசில் நம்பமாட்டார். கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு, சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, கீழே இருக்கும் கையெழுத்தின் வால் பக்கத்தில் மெதுவாகத் தேய்ப்பார். நீலம் பரவினால் முகம் விரியும். "மனுசன் தன்ர கையாலை போட்டிருக்கிறார், தங்கச்சி" என்பார். பரவாவிட்டால், "பாவம், வேலை கூடிப்போச்சுது போல" என்று அதற்கும் அவரே ஒரு சமாதானம் சொல்லி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பார்.

கடிதங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறவை. அனுப்புகிறவர் அந்த நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு துணை அமைச்சர், அமைச்சர், கடைசியில் பாதுகாப்பு அமைச்சர். பெறுகிறவர் பாரிஸில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். இரண்டு பேருக்கும் நடுவில் நான். ரூ லூயி-பிளாங்க் தெருவில், தொலைபேசி அட்டை, போட்டோக்கொப்பி, விமானச்சீட்டு மூன்றையும் ஒரே மேசையில் விற்கிற கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் கொஞ்சம் தேய்ந்தும் மிச்சமிருந்தது. எங்கள் சனம் கடை போட்டிருக்கிற லா சப்பலில் அதை வைத்தே பெரிய படிப்பாளி என்று பெயர் வாங்கிவிடலாம்.

அவர் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். இப்படிச் சொன்னால் நல்ல குணமாகத் தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்குத்தான் அதன் கரைச்சல் தெரியும்.

ஒருநாள் கடைக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக்கடையில் அவருக்கு இடியப்பத்தை வைத்துவிட்டுச் சொதியை மறந்துவிட்டார்கள். மனிதர் பத்து இடியப்பத்தையும் வெறுமையாகத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கிவிட்டு வந்தார். "வாய் இல்லையோ அண்ணை, சொதி எண்டு ஒரு சொல்லுச் சொல்ல?" என்றேன். "அவங்களுக்கு மறந்துபோச்சு. ஞாபகப்படுத்தினா வெக்கப்படுவாங்கள்" என்றார். இன்னொரு நாள் புறநகர் திரான்சியில் என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். வேறு நிறுத்தத்தில் இறங்கி, மழைக்குள் ஒன்றரை மணித்தியாலம் சுற்றி, நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தார். "திரான்சியிலை வழி கேக்க ஒரு சனமும் இல்லையோ?" என்று கத்தினேன். "சனம் இருந்தது. எல்லாரும் அவசரமாப் போச்சினம்" என்றார்.

ஆனால் நன்றி சொல்வதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. பேருந்து ஓட்டுநருக்கு மெர்சி. பாண் சுற்றித் தருகிற பெண்ணுக்கு இரண்டு மெர்சி. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டை எடுத்துவிட்டு மெசினைப் பார்த்தும் தலையை ஆட்டி ஒரு மெர்சி சொல்வார். நான் சிரித்தால், "அது தந்ததுதானே, தங்கச்சி" என்பார்.

அமைச்சரின் கதையும் அப்படி ஒரு நன்றியில் தொடங்கியதுதான். அவருக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சொந்தம் ஒரு தங்கை. சிட்னிக்கு வெளியே இருந்தாள். கணவன் முன்பே காலமாகிவிட்டான், பிள்ளைகள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவள் திடீரென்று இறந்துபோனாள். இவர் அகதி அட்டையோடு பாரிஸில். விசாவுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். உடனே தா என்று கேட்கிற ஆளா இவர்? தங்கையின் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவிதான் விஷயத்தைத் தொகுதி உறுப்பினரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அப்போது புதிதாக வென்ற, ஒருவருக்கும் தெரியாத ஆள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் யார் யாருக்கோ வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து எழுப்பி, திங்கட்கிழமை விசா கிடைக்கச் செய்துவிட்டார்.

"கொள்ளி வைக்கிறது எண்டு பேர், அங்கை மின்சார அடுப்புக்கு ஒரு பொத்தான்தான்" என்று அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் இறங்கும். "அமத்திப்போட்டுத் திரும்பிப் பாக்கிறன், அந்த மனுசன் கடைசி வரிசையிலை நிக்கிறார். எங்கட சனத்தைப் பாத்துத் தானும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நிக்கிறார். நான் கேக்கேல்லைத் தங்கச்சி. கேக்காமல் வந்தது."

பாரிஸுக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், ஈபிள் கோபுரப் படம் போட்ட அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தது. அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதி முடித்த பிறகும் போகாமல் போட்டோக்கொப்பி மெசினையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு விளங்க ஐந்து நிமிடம் எடுத்தது. ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மூன்று மெர்சி. பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு பிரதி என்று ஆகிவிட்டது.

அதன் பிறகு அவருக்கு லீவு நாளான திங்கட்கிழமைகளில் கடைக்கு வருவார். "எங்கட ஆள் எப்பிடி இருக்கிறார்?" என்பார். நான் கணினியில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பேன். இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் லா சப்பலில் இருந்துகொண்டு ஒரு ஆஸ்திரேலிய அரசியல்வாதியை வளர்த்தோம். தேர்தலில் வென்றால் ஒரு அட்டை. துணை அமைச்சரானால் ஒரு அட்டை. முழு அமைச்சரான அன்று கடையில் நின்ற எல்லாருக்கும் எதிர்க்கடையிலிருந்து தேநீர் வாங்கித் தந்தார். ஒருமுறை நாடாளுமன்றத்தில் அவர் பேசுகிற காணொளி ஒன்றைப் போட்டுக் காட்டினேன். எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்து மேசையில் அடித்துக் கத்திக்கொண்டிருந்தார். இவர் சங்கடப்பட்டுப் போனார். "அங்காலை இருக்கிறவன் என்னவோ செய்திருக்கவேணும். இவர் சும்மா கத்துற ஆளில்லை" என்றார்.

நான் ஒரு பிழையும் விட்டேன். அமைச்சரவையை மாற்றினார்கள். புதிய பதவியின் பெயர் ஒரு முழம் நீளம் இருந்தது, படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பதவி உயர்வு என்று நினைத்து மனமார்ந்த வாழ்த்துகள் எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம்தான் தெரிந்தது, அவரைப் பிடித்துக் கீழே இறக்கியிருக்கிறார்கள் என்று. இவரிடம் சொல்லப் பயந்து பேசாமல் இருந்தேன். பதில் வந்தது: 'இந்த வாரம் எனக்குக் கிடைத்த வாழ்த்து உங்களுடையது ஒன்றுதான். அதை மேசையில் வைத்திருக்கிறேன்.' கையெழுத்தில் இவர் விரலைத் தேய்த்தார், நன்றாகவே பரவியது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கணினியைப் பார்த்துவிட்டு நான் உடனே வாய் திறக்கவில்லை. "என்ன, தோத்துப்போனாரோ?" என்றார். "இல்லை அண்ணை. பாதுகாப்பு அமைச்சராப் போட்டிருக்கினம்."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் அந்த அமைச்சின் பெயரை வானொலியில்தான் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டால் அடுத்தது விமானம் வரும், பதுங்குகுழிக்கு ஓடவேண்டும். "அப்ப இனி உங்கட ஆள்தான் குண்டு போடச் சொல்லுறவர்" என்று ஒருவர் பகிடி விட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பதவிக்கென்று வாங்கிய அட்டையை அவர் மூன்று வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நாலாவது திங்கள் வந்து, மூலை மடங்கிப்போன அட்டையை மேசையில் வைத்து, "எழுதும்" என்றார். "இந்த வேலையிலை உங்களுக்கு ஒரு வேலையும் வராமல் இருக்கவேணும் எண்டு கடவுளைக் கும்பிடுறன்."

"அண்ணை, இதென்ன வாழ்த்தோ சாபமோ?"

"வாழ்த்துத்தான். எழுதும்."

எழுதினேன். பதில் அச்சடித்த தாளில், அடியில் பேனையால் ஒரே ஒரு வரி எழுதி வந்தது: 'நானும் அதையேதான் வேண்டுகிறேன்.' அந்த வரியில் அவர் விரல் வைக்கவில்லை. கலைந்துவிடும் என்று பயம்.

அந்த வருடம்தான் என் தம்பி ஊரிலிருந்து படகேறினான். எங்களில் யாருக்கும் சொல்லவில்லை. ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல் நடுக்கடலில் படகை மறித்து, ஆட்களை ஏற்றி, முகாமுக்குக் கொண்டுபோனது. அவனுடைய பதிவு இலக்கம் மட்டும் எனக்குக் கிடைத்தது. அதை அவன் பெயரோடு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டி வைத்தேன். அம்மா அப்பா இல்லாத வீட்டில் நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அவனைத் திருப்பி அனுப்பினால் அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வந்ததும், வழக்கம்போல் கணினியைத் திறக்காமல், நேரே கேட்டேன். "அண்ணை, உங்கட ஆளுக்குத் தம்பியைப் பற்றி ஒரு வரி எழுதுவம்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அவற்ற பகுதி பாதுகாப்பு, தங்கச்சி. இது குடிவரவு..."

"அதெல்லாம் தெரியும். ஒரு சொல்லுச் சொன்னா ஆராவது திரும்பிப் பாப்பினம்."

தொப்பியைக் கையில் ஒருமுறை திருப்பினார். "நான் ஒருநாளும் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டதில்லை" என்றார். "அந்த மனுசனிட்டைக் கேட்டனெண்டா, இவ்வளவு நாளும் போட்ட அட்டை எல்லாம் இதுக்குத்தான் போட்டது எண்டு ஆகிப்போடும்."

எனக்கு வாயில் வந்ததெல்லாம் வந்தது. "உங்கட ஆளின்ர கப்பல்தான் என்ர தம்பியைப் பிடிச்சது. அவருக்கு அட்டை எழுத மட்டும் நான் வேணும். என்ர பிள்ளைக்கு ஒரு வரி எழுத உங்களுக்கு மானம் போகுதோ? வைச்சிருங்கோ உங்கட மானத்தை, பிறேம் போட்டுச் சுவரிலை மாட்டுங்கோ!"

அவர் சுவரைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மெர்சி சொல்லாமல் அவர் போனது அந்த ஒருநாள்தான்.

அவர் செவ்ரானில் இருந்தார், நான் திரான்சியில். இரண்டு பேருக்கும் ஒரே ரயில் பாதை. அதன் பிறகு ரயில் மேடையில் அவரைக் கண்டால் நான் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். அவரும் கடைக்கு வருவதை விட்டார். அங்கே தேர்தல் வந்தது. நானாகப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். அவருடைய ஆள் தோற்றுப்போயிருந்தார். அமைச்சும் போய், தொகுதியும் போயிருந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்னும் சில மாதங்கள் போனபின், ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். கையில் உடைக்காத உறை, ஆஸ்திரேலிய முத்திரை. மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றார். வாசிக்கச் சொல்லவும் இல்லை. உறையை வெடுக்கென்று கிழித்து, செய்தி வாசிக்கிறவள் மாதிரிக் கடகடவென்று தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

"'அன்பான நண்பரே, நான் விழுந்ததுக்கு நீங்கள் மனமார்ந்த வாழ்த்து அனுப்புறது இது இரண்டாம் தரம்' எண்டு போட்டிருக்கிறார்." நிமிர்ந்து பார்த்தேன். "தோத்தவருக்கு வாழ்த்தோ? ஆர் எழுதித் தந்தது?"

"நான்தான். நீர் எழுதின பழைய கொப்பியளையும் அகராதியையும் பாத்து எழுதினது. எல்லாம் அப்பிடித்தானே தொடங்குது."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டு தொடர்ந்தேன். "'இவ்வளவு வருசத்திலை நீங்கள் என்னட்டை ஒண்டும் கேட்டதில்லை. அதாலை இந்தக் கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். உங்கட தங்கச்சியின்ர தம்பி முகாமிலை இருக்கிறார் எண்டு எழுதியிருக்கிறியள். உங்கட தங்கச்சியின்ர சடங்குக்கு நான் வந்தனான். உங்களைத் தவிர அவவுக்கு ஒரு சகோதரமும் இல்லை எண்டு அப்ப சொன்னவை. ஆனபடியால் இது இன்னொரு தங்கச்சியா இருக்கவேணும். தங்கச்சியின்ர தம்பி எண்டா உங்களுக்கும் தம்பிதானே எண்டு என்ர மனிசி கேக்கிறா. அப்பிடித்தான் இருக்கும் எண்டு சொன்னன்...'"

அடுத்த வரியில் ஒரு பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு இலக்கம். வாசித்த வேகத்தில் பெயர் எனக்குப் பிடிபடவில்லை. இலக்கத்தை வாசித்தபோதுதான் பிடிபட்டது. அது என் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த இலக்கம்.

கடகடப்பு நின்றுவிட்டது. அவர் போட்டோக்கொப்பி மெசினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மிச்சத்தை அழுதுகொண்டுதான் வாசித்தேன். தான் இப்போது எந்தப் பதவியிலும் இல்லை, ஆனால் யாரிடம் போகவேண்டும் என்பது மறக்கவில்லை என்று எழுதியிருந்தார். இப்படியான வழக்குகளைக் காசு வாங்காமல் எடுக்கிற ஒரு பெண் வழக்கறிஞரிடம் பேசிவிட்டாராம். தானும் போய்த் தம்பியைப் பார்ப்பாராம்.

"ஏன் அண்ணை, பதவியிலை இருக்கேக்கை கேட்டிருந்தா..." என்று அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒவ்வொரு திங்களும் எழுத இருந்தனான், தங்கச்சி. கை வரேல்லை" என்றார். "பிந்திப்போச்சு. குறை நினையாதையும்." என்னிடம் மன்னிப்புக் கேட்டார், பாருங்கள்.

அந்தக் கையெழுத்தை அவர் தேய்த்துப் பார்க்கவில்லை. நான்தான் விரலை நனைத்துத் தேய்த்தேன். நீலம் பரவியது. அவரிடம் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் உண்மையாகவே முகாமுக்குப் போயிருக்கிறார். வாசலில் மற்றவர்களோடு வரிசையில் நின்று, தொலைபேசியைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு உள்ளே போயிருக்கிறார். தம்பி பிறகு சொன்னான்: "ஒரு வயசான வெள்ளைக்காரர் வந்து, உம்மட அண்ணை அனுப்பினவர் எண்டார். எனக்கு அண்ணை ஒருத்தரும் இல்லை எண்டு சொல்ல வாய் வந்தது அக்கா. பிறகு பேசாமல் இருந்திட்டன்." வழக்கறிஞர் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடினாள். தம்பி வெளியே வந்தான். அந்தக் கடிதத்தால்தான் வந்தானா, வேறு எதனாலாவதா என்று எனக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் அவனை ஒருவரும் போய்ப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது தெரியும்.

செய்தி வந்த அன்றைக்கே அட்டை ஒன்று வாங்கி வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். "சொல்லுங்கோ அண்ணை, எழுதுறன்."

"இல்லைத் தங்கச்சி. நான் கேட்டுப்போட்டன். இனி என்ன எழுதினாலும், அடுத்ததைக் கேக்கப்போறான் எண்டு அந்த மனுசன் நினைக்கக்கூடும். இனி நீர் எழுதும்."

அதற்குப் பிறகு அவர் ஒரு அட்டையும் போடவில்லை. திங்கட்கிழமைகளில் வருவார், எங்கள் ஆள் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பார், நான் என்ன எழுதினேன் என்று கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். கோப்பை கழுவுகிற அந்த மனிதருக்கு உலகத்தில் சொந்தமாக இருந்த பெருமை ஒன்றே ஒன்று. ஒரு நாட்டு அமைச்சரைத் தெரியும், அவரிடம் எதுவும் வேண்டாம் என்கிற பெருமை. அதை எடுத்து என் தம்பிக்காகக் கொடுத்துவிட்டார். நான் அதற்கு முன் அவரைத் திட்டிய திட்டு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

போன பனிக்காலம் வேலைக்குப் போகிற வழியில் அவருடைய இதயம் நின்றுவிட்டது. தம்பிக்குச் சொன்னேன். அன்று பின்னேரமே விமானம் ஏறினான். இப்போது அவனிடம் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு இருக்கிறது. விசாவுக்கு ஒருவரையும் கேட்கவேண்டி இருக்கவில்லை. "பொத்தானை நான் அமத்திறன் அக்கா" என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டான்.

சடங்கு ஒழுங்கு செய்கிற அலுவலகத்தில் ஒரு பெண் படிவத்தை நீட்டினாள். இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். பேனையை எடுத்து, என் பெயருக்கு நேரே பிரெஞ்சில் சகோதரி என்று எழுதினேன். தம்பியின் பெயருக்கு நேரே சகோதரன்.

அவள் படிவத்தை வாங்கி வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கீழே இறக்கி எங்களைப் பார்த்தாள். "மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர் இருக்கிறதே, மதாம்?"

எனக்குப் புருசனின் பெயர், தம்பிக்கு அப்பாவின் பெயர், அவருக்கு அவருடைய அப்பாவின் பெயர். "எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான், மதாம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு முத்திரையைக் குத்தினாள். மெர்சி சொல்லிப் படிவத்தை வாங்கிக்கொண்டேன். வாசலுக்கு வந்தபோது கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து வழி விட்டது. அதற்கும் ஒரு மெர்சி சொன்னேன்.